பால் ஆலைக் கழிவுநீருக்குப் பாசிக் குளம்: 300 சதுர மீட்டரில் நடக்குமா?

பொம்மசந்திரா_ஈடிபி:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு நடுத்தரப் பால் பொருள் ஆலை. தயிர், பனீர், நெய். கழிவுநீர் தினம் 10 கேஎல்டி (10,000 லிட்டர்). எண்ணெய்ப் பொறி, கழிவைக் கலந்து சீராக்கும் ஈக்வலைசேஷன் டேங்க், காற்றூட்டும் ஏரேஷன் டேங்க், சேற்றைப் படியவைக்கும் கிளாரிஃபையர் எல்லாம் ஓடுகின்றன. கிளாரிஃபையர் அவுட்லெட்டின் சராசரி இது. பிஎச் 7.6. மற்றவை லிட்டருக்கு மில்லிகிராமில்: சிஓடி (மாசை வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) 140, பிஓடி (பாக்டீரியா சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) 22, டிஎஸ்எஸ் (மிதக்கும் திடப்பொருள்) 40, அம்மோனியா நைட்ரஜன் 38, நைட்ரேட் நைட்ரஜன் 6, பாஸ்பரஸ் 7, ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன்) 300.

கழிவுநீரை வெளியே விடுவதற்கான பொது அளவுகோலில் அம்மோனியா 50 வரை அனுமதி என்பதால் இப்போதைக்குச் சிக்கல் இல்லை. ஆனால் டேங்கர் செலவைக் குறைக்க இந்த நீரைக் கூலிங் டவருக்குத் திருப்ப வேண்டும் என்கிறார்கள். கண்டென்சரில் செம்புக் குழாய் இருக்கிறது, அம்மோனியா அதை அரிக்கும் என்பதால் 5-க்குள் வர வேண்டும்.

ஒரு சப்ளையர் நுண்பாசிக் குளம் போடலாம் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். காற்று ஊதும் ப்ளோயர் தேவையில்லை, ஸ்லட்ஜ் (சேறு) வராது, பாசியை விற்கலாம் என்கிறார். ஷெட்டுக்குப் பின்னால் 32 × 11 மீட்டர் காலி இடம் இருக்கிறது. இது போதுமா? குளோரெல்லா போடுவதா, ஸ்பைருலினாவா? மழைக்காலத்தில் என்ன ஆகும்? ஷெட் கூரை மேலேயே வைக்க முடியுமா?

தெளிநீர்:

சப்ளையர் சொன்னதை முதலில் பார்த்துவிடலாம். ப்ளோயர் தேவையில்லை என்பது பாதி உண்மை. பகலில் பாசி விடும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியா சிஓடி-யைத் தின்னும். 1950-களில் கலிஃபோர்னியாவில் ஆஸ்வால்ட் வடிவமைத்த குளங்கள் இந்த அடிப்படையில்தான் ஓடின. ஆனால் உங்கள் 140 சிஓடி-யில் பெரும்பகுதி எளிதில் மட்காத மிச்சம், அதைப் பாசி தொடாது. ஏரேஷன் டேங்கை நிறுத்திவிட்டு மூலக் கழிவை நேரே குளத்தில் விட்டாலோ வெளிச்சமே உள்ளே இறங்காது, இரண்டு நாளில் நாறும். ஸ்லட்ஜ் வராது என்பது முழுப் பொய். பாசியே ஸ்லட்ஜ்தான்.

இனி பரப்பு. பலரும் தண்ணீர் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது நைட்ரஜனிலிருந்து. அம்மோனியா 38 + நைட்ரேட் 6 = 44 மி.கி., 10,000 லிட்டருக்கு 440 கிராம். உலர்ந்த பாசியில் நைட்ரஜன் ஏறக்குறைய 8 சதவீதம். ஆகவே அத்தனையையும் எடுக்கத் தினம் 5.5 கிலோ பாசி வளர வேண்டும். பெங்களூரு வெயிலில், நன்றாகப் பராமரித்த திறந்த குளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 12 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மேகமூட்டத்தில் 8. வெயில் காலத்துக்கே 460 சதுர மீட்டர் வேண்டும், மழைக்காலத்துக்கு 690.

உங்கள் இடத்தில் ஓரம் போகக் குளத்துக்குக் கிடைப்பது 300. அதில் தினம் 3.6 கிலோ வளரும், அது 288 கிராம் நைட்ரஜனை எடுக்கும். அதாவது 44-இல் 29 போகும், 15 மிஞ்சும். ஆகஸ்டில் 19தான் போகும். குளத்தில் பாக்டீரியா கொஞ்சம் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும், கொஞ்சம் காற்றில் போகும். அதை நம்பி வடிவமைக்காதீர்கள். பாஸ்பரஸ் 7-இல் பாதி குறையும்.

ஒரு நாளைக்கு 25 கிராம், 30 கிராம் என்று கொட்டேஷனில் போட்டிருந்தால் அது சில நல்ல நாள்களின் எண். அதை ஆண்டுச் சராசரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கூரை யோசனையை விட்டுவிடுங்கள். 20 செ.மீ. தண்ணீரே சதுர மீட்டருக்கு 200 கிலோ. சாதாரண கான்கிரீட் தளத்துக்கே அது அதிகம், தகரக் கூரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எந்த இனம் என்பது இருப்பதிலேயே சின்னக் கேள்வி. ஸ்பைருலினா வேண்டாம். அதற்கு லிட்டருக்குப் பதினாறு கிராம் அளவில் சோடியம் பைகார்பனேட்டும் பிஎச் 9.5-க்கு மேலும் வேண்டும். அந்த பிஎச்-இல் உங்கள் அம்மோனியாவே நஞ்சு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தேசியச் சேகரத்தில் தூய வளர்ப்பு கிடைக்கும், ஆனால் திறந்த குளத்தில் ஒரு மாதத்துக்குள் உள்ளூர்ப் பாசி இடத்தைப் பிடித்துவிடும். உங்கள் கிளாரிஃபையர் விளிம்பில் பச்சையாகப் படிந்திருப்பதைச் சுரண்டி, 100 மைக்ரான் வலையில் வடிகட்டி வளருங்கள். வலையைத் தாண்டி வருவதில் பெரும்பாலும் குளோரெல்லாவும் சீனடெஸ்மஸும் இருக்கும். உங்கள் தண்ணீருக்கு ஏற்கெனவே பழகியவை.

அமைப்பு: ஒரே பெரிய குளமாகப் போடாதீர்கள். 30 × 5 மீட்டரில் ஓட்டப்பாதை வடிவக் குளம் இரண்டு, ஒவ்வொன்றிலும் நடுச்சுவர். வாய்க்கால் அகலம் 2.4 மீட்டர் வரும். ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும். அடியில் 1 மி.மீ. எச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) லைனர். நீர் ஆழம் 20 செ.மீ., அதற்கு மேல் 30 செ.மீ. சுவர். மொத்தம் 60 கன மீட்டர், ஆறு நாள் தங்கும். நீரைத் தள்ளி ஓடவைக்கும் பேடில் வீல் ஆறு அல்லது எட்டுத் தகடு, விட்டம் ஒரு மீட்டர், தகட்டுக்கும் தரைக்கும் 2 செ.மீ. இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் அரை எச்பி கியர் மோட்டாரும் வேகத்தை மாற்றும் விஎஃப்டி-யும் தாராளம். வேகம் விநாடிக்கு 20 செ.மீ. அளக்கத் தனிக் கருவி வேண்டாம், ஒரு தெர்மாகோல் துண்டு 10 மீட்டரை 50 விநாடியில் கடந்தால் சரி. திருப்பங்களில் வளைந்த தடுப்புத் தகடு வையுங்கள். இல்லாவிட்டால் உட்பக்க மூலையில் பாசி படிந்து அழுகும், நாற்றம் அங்கிருந்துதான் தொடங்கும். இரவில் வீலை மெதுவாக்கலாம், நிறுத்தக் கூடாது.

மழை: 60 மி.மீ. பெய்தால் 300 சதுர மீட்டரில் 18 கன மீட்டர் கூடும், குளத்து நீர் முப்பது சதவீதம் கூடிப் பாசி நீர்த்துப்போகும். வெள்ளம் வழிந்து பாசி வெளியேறாமல் இருக்க, அன்றைக்கு உள்ளே விடுவதை நிறுத்துங்கள். ஏப்ரலில் நேரெதிர், தினம் 6 மி.மீ. ஆவியானால் 1.8 கன மீட்டர் போய்விடும்.

தெளிநீர்:

பிஎச்-ஐத் தனியாகச் சொல்கிறேன், பெரும்பாலான குளங்கள் சாவது இதில்தான்.

பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச மதியத்தில் பிஎச் 9.5, 10 என்று ஏறும். அம்மோனியம் அப்போது சுயேச்சை அம்மோனியாவாக மாறும். 25 டிகிரியில், பிஎச் 8-இல் 38 மி.கி.-யில் 2 மி.கி. மட்டும்தான் அந்த வடிவில் இருக்கும். பிஎச் 9.5-இல் 24 மி.கி. ஆகிவிடும். 20-ஐத் தாண்டினால் பல பாசிகளின் ஒளிச்சேர்க்கை பாதியாகிவிடும். வெயில் நன்றாக அடித்த நாளில் குளம் மஞ்சளாவதைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று யூரியா போடுகிறவர்கள் உண்டு. எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

1 கிலோ பாசிக்கு ஏறக்குறைய 1.8 கிலோ கரியமில வாயு தேவை. 3.6 கிலோவுக்கு 6.6 கிலோ. ஆழமில்லாத குளத்தில் விடுவதில் பாதி மேலே போய்விடும், ஆகவே 13 கிலோ என்று வையுங்கள். உங்கள் ஆல்கலினிட்டியும் சிஓடி-யும் தருவது இதில் சிறு பகுதி. சிலிண்டர் வாங்கிக் கட்டுப்படியாகாது. பால் ஆலையில் பாய்லர் இருக்குமே, அதன் புகையில் பத்து சதவீதம் அளவுக்கு இருக்கிறது. எரிவாயு அல்லது டீசல் பாய்லர் என்றால் புகையை 40 டிகிரிக்குக் குளிர்வித்து, சின்ன ப்ளோயரால் மணிக்கு 8 முதல் 10 கன மீட்டர் அளவு, பகலில் எட்டு மணி நேரம் விடுங்கள். குளத்தின் நடுவில் ஒன்றரை மீட்டர் ஆழக் குழி தோண்டி, நுண்குமிழ் டிஃப்யூசரை அதன் அடியில் வையுங்கள். பிஎச் கட்டுப்படுத்தி 8.0-இல் சோலனாய்டை (மின் வால்வை) திறக்க வேண்டும், 7.6-இல் மூட வேண்டும். விறகு, பிரிக்கெட் பாய்லர் என்றால் சாம்பல் டிஃப்யூசரை அடைக்கும், நீர்த் தெளிப்பில் கழுவாமல் விடாதீர்கள். பிஎச் புரோப்பில் பாசி வழுவழுவென்று படியும். வாரம் இரு முறை துடைத்துக் காலிபரேட் செய்யாவிட்டால் அது காட்டும் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

தொடங்கும் முறை: 20 லிட்டர் கேனில் ஆரம்பித்து 200 லிட்டர், பிறகு 2 கன மீட்டர், பிறகு ஒரு குளத்தில் 10 செ.மீ. ஒவ்வொரு படியிலும் முந்தியதைப் போல ஏழெட்டு மடங்குக்கு, கூடினால் பத்து மடங்குக்கு மேல் போகாதீர்கள். முதல் படிகளில் கிளாரிஃபையர் நீரைப் பாதிக்குப் பாதி போர்வெல் நீரில் கலந்துகொள்ளுங்கள். காவிரி நீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வையுங்கள். குளம் நிறைந்த பிறகு தினம் கொள்ளளவில் பத்து சதவீதம், அடுத்த வாரம் பதினாறு. காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் உள்ளே விடுங்கள்.

ஏரேட்டர்:

தெளிநீர் சாரின் கணக்கில் குறை இல்லை. ஆனால் கேள்வியே வேறு. கூலிங் டவருக்கு அம்மோனியா 5-க்குள் வேண்டும் என்றால் பாசி வழியாக ஏன் சுற்றிப் போக வேண்டும்? நைட்ரேட் செம்பை அரிக்காது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றினாலே போதும், அதை உங்கள் ஏரேஷன் டேங்கிலேயே செய்யலாம்.

பிஓடி 22-க்கு இறங்கியும் அம்மோனியா 38 நிற்கிறது என்றால் ஸ்லட்ஜ் வயது குறைவு, அல்லது கரைந்த ஆக்சிஜன் குறைவு. டேங்கில் இருக்கும் மொத்த ஸ்லட்ஜைத் தினம் வெளியேற்றும் ஸ்லட்ஜால் வகுத்துப் பாருங்கள். நாலைந்து நாள் வந்தால், அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் நைட்ரஜன் பாக்டீரியா தங்காது. வெளியேற்றுவதைக் குறைத்துப் பத்து நாளுக்குக் கொண்டுபோங்கள், ஆக்சிஜன் 2 மி.கி.-க்குக் குறையாமல் வையுங்கள். கூடுதலாகத் தேவைப்படும் ஆக்சிஜன் ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 4.57 கிராம். உங்களுக்குத் தினம் 1.7 கிலோ. இது பெரிய சுமையே இல்லை.

சிக்கல் ஆல்கலினிட்டியில் வரும். ஒரு கிராமுக்கு 7.14 கிராம் தின்னும். 38-க்கு 271. உங்களிடம் 300தான், மிச்சம் 30-இல் பிஎச் சரிந்து எல்லாம் நின்றுவிடும். மிச்சம் 90 ஆவது வேண்டும், தினம் ஒரு கிலோ சோடியம் பைகார்பனேட் சேர்த்தால் சரியாகும். பலன் தெரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு ஸ்லட்ஜைக் கொட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று, பாசிக் குளத்து நீரைக் கூலிங் டவருக்கு விடுவது விதைநெல்லை வயலில் தூவுவது மாதிரி. வெதுவெதுப்பான நீர், வெளிச்சம், மிச்ச பாஸ்பேட், டவருக்குள் நீர் வழியும் அடுக்கு (ஃபில்) முழுக்கப் பச்சை பிடிக்கும். போதாததற்குக் குளத்தில் ஆவியாகும் 18 சதவீதத்தால் (10 கன மீட்டரில் 1.8) டிடிஎஸ் (கரைந்த உப்பு) ஏறி, டவரில் புளோடவுன் (உப்பேறிய நீரை வெளியேற்றுவது) கூடும். மிச்சம் பிடிக்க வந்த தண்ணீரே போய்விடும்.

பொம்மசந்திரா_ஈடிபி:

ரொம்ப நன்றி சார், இருவருக்கும். ஸ்லட்ஜ் வயது கணக்குப் போட்டால் ஐந்து நாள்தான் வருகிறது. முதலில் அதைச் சரிசெய்கிறோம். கூலிங் டவருக்குப் போவது தினம் 6 கன மீட்டர்தான். மிச்சம் 4 கன மீட்டர் தோட்டம் வழியாகப் பக்கத்து ஓடையில் போய்ச் சேர்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அப்படியே கீழே இருக்கும் ஏரிக்குப் போக வேண்டாம் என்பதால் அதற்கு மட்டும் ஒரு குளம் போடலாமா? அறுவடை எப்படி என்று யாரும் சொல்லவில்லையே.

தெளிநீர்:

ஏரேட்டர் சொன்ன வரிசைதான் சரி. 4 கன மீட்டருக்கு 44 மி.கி. என்றால் 176 கிராம். ஒரு குளம், 150 சதுர மீட்டர், வெயில் காலத்தில் 144 கிராம் எடுக்கும். ஆகஸ்டில் 96. கணக்கு நெருங்கி வருகிறது. பாசி நைட்ரேட்டையும் எடுக்கும், அம்மோனியாவை விடச் சற்று மெதுவாக. அம்மோனியா நஞ்சுப் பயமும் போய்விடும். ஆனால் நைட்ரேட்டாக்கிய நீரில் ஆல்கலினிட்டி குறைவு என்பதால் பாய்லர் புகை இன்னும் முக்கியம்.

அறுவடை இல்லாமல் குளம் கட்டுவது வீண். குளத்து நீரில் பாசி லிட்டருக்கு 400, 500 மி.கி. இருக்கும். அதை அப்படியே வெளியே விட்டால் அது டிஎஸ்எஸ். அனுமதி 100தான். ஓடையில் அந்தப் பாசி செத்தால் பிஓடி, கூடவே நீங்கள் பிடித்த நைட்ரஜனும் திரும்பி வந்துவிடும்.

செல் ஒவ்வொன்றும் 2 முதல் 10 மைக்ரான், எதிர்மின்னேற்றம் உடையது, தானாகப் படியாது. 1 லிட்டர் பீக்கர்களில் படிகாரம் 40, 60, 80, 100, 120 மி.கி. என்று போட்டு ஒரு நிமிடம் வேகமாக, பதினைந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். பிஎச் 7-க்குப் பக்கத்தில் இருந்தால் குறைவாகவே தேவைப்படும், ஆகவே எடுப்பதற்கு முன் பாய்லர் புகை விடும் குழியைத் தாண்டி வரட்டும். படிகாரம் பாஸ்பேட்டையும் கூடவே இழுத்துப் படியவைக்கும், உங்களுக்கு அது லாபம். படிந்த பாசியில் ஒரு பங்கைக் குளத்துக்கே திருப்பி விடுங்கள். படியும் சுபாவமுள்ள இனங்கள் மெல்ல மெல்ல மிகும், சில மாதத்தில் படிகாரம் குறையும்.

எடுக்கும் நேரம் காலை 9-க்குள். மதியம் நீரில் ஆக்சிஜன் அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும். செட்லருக்குள் (பாசியைப் படியவைக்கும் தொட்டி) அது குமிழாகப் பிரிந்து, படிய வேண்டிய திரளையெல்லாம் மேலே தூக்கிவிடும். படிகாரத்தை எவ்வளவு கூட்டினாலும் பயன் இருக்காது.

தினம் 1.8 கிலோ உலர் பாசி. இரண்டு சதவீதக் குழம்பாக 90 லிட்டர். செட்லரின் அடிக் கூம்பில் அரை நாளுக்கு மேல் தேக்காதீர்கள், அழுகி அம்மோனியாவும் பாஸ்பேட்டும் மேல்நீருக்குத் திரும்பிவிடும். 6 சதுர மீட்டர் மணல் படுகையில் 15 செ.மீ. ஊற்றினால் பத்து நாள் சுழற்சி வரும். மழைக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட். காய்ந்ததைத் தோட்டத்துக் கம்போஸ்டில் கலக்கலாம். விற்று லாபம் என்பதை மறந்துவிடுங்கள், மாட்டுத் தீவனத்தில் கலக்கும் எண்ணமே வேண்டாம்.

நுண்ணோக்கி:

விட்டுப்போன ஒன்று, மேய்ச்சல், அதாவது நுண்விலங்குகள் பாசியைத் தின்பது. கரும்பச்சையாக இருந்த குளம் இரண்டு மூன்று நாளில் தெளிந்து பழுப்பானால் சத்தையோ வெயிலையோ குறை சொல்லாதீர்கள். ஒரு சொட்டு எடுத்து 100 மடங்கில் பாருங்கள். ரோட்டிஃபர், சிலியேட், சில நேரம் கண்ணுக்கே தெரியும் டாஃப்னியா. வாரம் மூன்று நாள் பார்ப்பது நல்லது. மில்லிலிட்டருக்கு ஐந்து ரோட்டிஃபரைத் தாண்டினால் கை வைக்க வேண்டும்.

அம்மோனியா உள்ள நீர் கையில் இருந்தால் அதுவே மருந்து. அவுட்லெட்டை மூடி, நைட்ரேட்டாகாத கழிவைக் கொஞ்சம் விட்டுக் குளத்து அம்மோனியாவை 30-க்குக் கொண்டுவந்து, புகையை நிறுத்தி பிஎச்-ஐ 9.5-க்கு ஏற விடுங்கள். மூன்று, நான்கு மணி நேரம். பாசி ஒரு நாள் சோர்ந்து மீளும், ரோட்டிஃபர் மீளாது. டாஃப்னியாவுக்கு 250 மைக்ரான் வலை வழியாக நீரைச் சுற்றிவிட்டால் போதும்.

பால் ஆலைக்கே உரிய ஆபத்துகள் வேறு. சிஐபி-யில் (குழாய், தொட்டிகளைக் கழற்றாமலே கழுவுவது) கடைசியாகப் போடும் குவாட் வகைக் கிருமிநாசினியும் ஹைப்போவும் (குளோரின் கரைசல்) பாசியையும் நைட்ரஜன் பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். கழுவும் நீர் ஈக்வலைசேஷனில் பல மணி நேரம் கலந்த பிறகே போக வேண்டும். பனீர் வடித்த நீரின் சிஓடி 50,000-க்கு மேல். ஒரு டிரம் தப்பி வந்தாலும் ஏரேஷன் டேங்க் திணறும், அதன் தாக்கம் அடுத்த நாள் குளத்தில் தெரியும். அதைத் தனியாகப் பிடித்துவிடுங்கள். சிஐபி-க்கு நைட்ரிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் போட்டால் உங்கள் நைட்ரேட்டும் பாஸ்பரஸும் ஒரு பகுதி அங்கிருந்துதான் வருகிறது. அமிலத்தின் அளவைச் சரிபார்த்தால் குளம் கட்டாமலே கொஞ்சம் குறையும்.

பாசி வளர ஏரியில் போடும் சத்துப் பொடி, திரவம் என்று விற்கிறார்களே, இந்தக் குளத்தில் அதற்கு வேலையே இல்லை. சத்து ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கிறது.

பீன்யா_பிளேட்டிங்:

குறுக்க கேக்குறதுக்கு மன்னிக்கணும் அண்ணா. எங்களோடது நிக்கல், குரோம் பிளேட்டிங் யூனிட், தினம் 3 கேஎல்டி ரின்ஸ் தண்ணி. பாசி உலோகத்த இழுக்கும்னு சொல்றாங்களே, எங்களுக்கு ஒத்துவருமா?

ஏரேட்டர்:

உயிருள்ள குளமாக ஒத்துவராது தம்பி. லிட்டருக்கு 1 மி.கி. செம்பே பல பாசிகளைக் கொல்லும். குளங்களில் பாசி ஒழிக்கப் போடுவதே மயில்துத்தம்தானே. நிக்கலும் ஆறு இணைதிறன் குரோமியமும் அதே வேலையைத்தான் செய்யும். வழக்கமான முறையிலேயே போங்கள். குரோம் ரின்ஸ் தண்ணீரைத் தனியாகப் பிரித்து, பிஎச் 2 முதல் 2.5-இல் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டு, மஞ்சள் போய்ப் பச்சையானதும் சுண்ணாம்பால் 8.5-க்கு ஏற்றிப் படியவையுங்கள். நிக்கலுக்கு பிஎச் 10 வேண்டும், ஆகவே இரண்டையும் ஒரே தொட்டியில் செய்தால் ஒன்று தப்பும். பொது அளவுகோல் நிக்கலுக்கு 3, ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு 0.1.

அதன் பிறகும் மிஞ்சும் சில மில்லிகிராமுக்குச் செத்த, உலர்ந்த பாசித் தூளைச் செங்குத்துக் குழாயில் நிரப்பி, பிஎச் 5, 6-இல் நிக்கலைப் பிடிக்கலாம். ஆனால் அயனிப் பரிமாற்ற ரெசின் இந்த வேலையைச் சீராகச் செய்கிறது, அமிலத்தால் மீட்கவும் முடிகிறது. பாசித் தூளில் பிடித்தாலும் உலோகம் மறைந்துபோகாது. அந்தத் தூள் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு, அனுமதி பெற்ற அபாயக் கழிவுக் கிடங்குக்குத்தான் போக வேண்டும். கம்போஸ்டில் போட்டுவிடாதீர்கள்.

தெளிநீர்:

பிளேட்டிங்குக்கு ஒத்துவராது என்பதால் தொழிற்சாலைக் கழிவுக்கே பாசி உதவாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஆலையில் 2006-லேயே அமிலக் கழிவைப் பாசியால் நடுநிலைப்படுத்தத் தொடங்கினார்கள். அங்கே இடம் இருந்தது, கழிவில் நஞ்சு இல்லை.

பொம்மசந்திரா நண்பருக்கு: கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் சப்ளையரிடம் மூன்று எண் எழுத்தில் கேளுங்கள். ஆகஸ்ட் மாதத்தில் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், செட்லர் அவுட்லெட்டில் டிஎஸ்எஸ் எவ்வளவு, ஒரு கன மீட்டருக்குப் படிகாரம் எத்தனை கிராம். பணத்தில் ஒரு பகுதியை முதல் மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வையுங்கள்.